சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட படம்

அந்த டிசம்பர் மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸ்களைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த வருடத்தின் நல்ல படம் எது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்த காலம். எண்பதுகளின் நடுப்பகுதி. அலுவலகத்தில் இருந்த நாலைந்து பெண்களும் வருடக் கடைசியில் இப்படி ஆளுக்கொரு படத்தைச் சொல்வோம். பெயரை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள், காரணமும் சொல்ல வேண்டும். ஒருத்திக்குப் பாட்டு பிடித்திருக்கும். ஒருத்திக்குக் கதாநாயகி உடுத்தியிருந்த சேலை. நான் எந்தப் படத்தைச் சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அன்று சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா சொன்னது மறக்கவில்லை.

நான் வத்திராயிருப்பிலிருந்து வேலைக்காக வந்து, அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் சொந்த லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். மாமியார் பக்கவாதத்தில் விழுந்து பல வருடங்கள். பேச்சும் போய்விட்டது. திருப்பிப் படுக்கவைக்கவும் கஞ்சி புகட்டவும் அக்காவை விட்டால் ஆளில்லை. அதனால் கடைத்தெருவுக்குக்கூட ஓட்டமும் நடையுமாகத்தான் போய்வருவாள். மூன்று மணிநேரம் உட்கார்ந்து சினிமா பார்ப்பதெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

ஆனால் அவளுக்கு எல்லாப் படமும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தியேட்டர். திரைக்குப் பின்னால்தான் ஸ்பீக்கர் இருக்கும் என்பதால், திரைப் பக்கத்துச் சுவரை ஒட்டியிருந்த எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றால் வசனம் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும். மேட்னி ஆரம்பிக்கும் நேரத்துக்கு அவள் அரிசி புடைக்க உட்காருவாள். சண்டைக் காட்சி வந்தால் முறத்தை வைத்துவிட்டு மாமியாரைப் பார்க்கப் போவாள். அழுகைக் காட்சிக்குத் திரும்பிவிடுவாள்.

அன்று ஆபீஸ் கதையை அவளிடம் சொல்லிவிட்டு, "ஒங்களுக்கு எந்தப் படம்க்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போன ஒரு படத்தைச் சொன்னாள். எங்கள் ஆபீஸில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

"அதுல அப்படி என்னக்கா இருக்கு?"

"இடைவேளைக்குப் பொறவு ஒரு பொம்பள பேசுவா பாரு. கொழாயில தண்ணி வராதது, அடுத்த வீட்டுக் கல்யாணம், ரசத்துல உப்பு கூடிப்போனது, அம்புட்டையும் சொல்லுவா. புருசன் உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பான். நடுவுல ஒரு தடவ இருமுவான், அவ்வளவுதான். சரி சரி, சோத்தப் போடுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டான்." முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "எம்புட்டு நேரம் பேசுறா தெரியுமா? ஒருத்தன் கேக்கான்டி."

அதற்கு அடுத்த ஆடியில் மாமியார் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்காவுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கஞ்சி காய்ச்சும் நேரம் வந்ததும் தன்னை அறியாமல் எழுந்து அடுப்படிக்குப் போவாள், போய் நிற்பாள். ஒரு சனிக்கிழமை நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது, பழைய படங்களை ஓட்டும் சின்னத் தியேட்டர் வாசலில் அவளுடைய படத்தின் போஸ்டரைப் பார்த்தேன். மறுவாரம் வரை தாங்காது என்று தெரியும். பஸ் பிடித்து வந்து அவளைக் கையோடு அழைத்துப் போனேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

இடைவேளை முடிந்து அந்தக் காட்சி வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர், கல்யாணம், உப்பு. பிறகு கேமரா மெதுவாகத் திரும்பியது. எதிரே ஒரு காலி நாற்காலி. ஆணியில் தொங்கும் ஒரு சட்டை. வேறு யாரும் இல்லை. புருஷன் அவளை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த இருமல் தெருவில் போன யாரோ ஒரு கிழவருடையது.

அக்காவின் கை என் கையிலிருந்து கழன்றது. அழைத்து வந்திருக்கவே கூடாதோ என்று நினைத்தேன். மீதிப் படம் என் கண்ணில் பதியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ராஜபாளையம் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"இப்பவும் எனக்கு அந்தப் படந்தான்."

"ஏங்க்கா?"

"கேக்க ஆளு இருக்குன்னுதான் முன்ன புடிச்சிச்சு. இப்ப பாத்தா ஒருத்தனும் இல்ல. இல்லன்னு அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் முழுசாச் சொல்லிட்டுத்தானே எந்திரிச்சா."

இதை நான் எழுதுவது மதுரையில், என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் மட்டும் இருக்கும் வீட்டில். இங்கே டிவியில் எந்த நேரமும் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. சில நாட்களில் அக்காவின் குரல் காதுக்குள் வரும். எப்போது வந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரலாகத்தான் வரும்.

நாங்கள் படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அது. அவள் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளே நடப்பது கேட்டது. அக்கா அவருக்கு அந்தப் படத்தின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவர், "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம், மொதல்ல மோர ஊத்து" என்றார். மோர் ஊற்றும் சத்தம் கேட்டது, கதையும் கேட்டது. அவர் கை கழுவினார். பாயை உதறிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. கதை நிற்கவில்லை.

அக்கா அப்போதுதான் இடைவேளைக்கு வந்திருந்தாள்.