நிறம் பூசாத லாரி

அண்ணன் கடைசி வரை என் மேல் கோபமாக இருந்தாரா, இல்லையா? இந்த ஓராண்டில் இதை நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் இல்லாததால் அம்மாவிடம் கேட்கிறேன். "அவனுக்கு உம்மேல கோவமா? போடி, வேலயப் பாரு" என்கிறார். அம்மா தெரிந்து சொல்கிறாரா, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரா என்று அதையும் யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

அண்ணன் கடைசியாகச் செய்த லாரி எங்கள் வீட்டு பீரோவின் மேல் இருக்கிறது. என் மகளுக்காகச் செய்தது. இன்னும் நிறம் பூசவில்லை. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதலாமாண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது மறுத்துப் பார்த்தேன். பிறகு, இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேறு இடம் இல்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அண்ணன் கீழ்பென்னாத்தூரில் பிறந்தார். அப்பா அங்கே நிலக்கடலை மண்டியில் வேலை பார்த்தார். மூட்டை ஏற்ற வரும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்த அண்ணனுக்கு லாரி ஓட்டுவதைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை. அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அடுத்த ஆண்டு கனரக வாகன உரிமம் எடுக்கப் போனார். கண் பரிசோதனையில், புள்ளிகளுக்கு நடுவே தெரிய வேண்டிய எண்ணை அவரால் படிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுபோல ஏதோ பழுப்பாகத்தான் தெரியும் என்பது அன்றுதான் வீட்டில் எங்களுக்கும் தெரிந்தது. உரிமம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "சாப்பாடு போடும்மா" என்று அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன்பின் கீழ்பென்னாத்தூர் சாலையில் உள்ள எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தார். நெல், நிலக்கடலை, கருங்கல் என்று ஏற்றி வரும் லாரிகளை எடை போட்டுச் சீட்டு கொடுக்கும் வேலை. கடைசி நாள் வரை அங்கேதான் இருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் என்னை முதுகலை வரை படிக்க வைத்தார், வேங்கிக்காலில் சிறிய வீடு கட்டினார், என் திருமணத்தை நடத்தினார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. அம்மா பெண் பார்க்கப் போகலாம் என்னும் போதெல்லாம், "இந்த வண்டி முடியட்டும்மா" என்பார். ஒரு வண்டி முடிவதற்குள் அடுத்த வண்டி தொடங்கியிருக்கும்.

வண்டி என்றால், அண்ணன் கையால் செய்யும் லாரிகள். உங்களில் பலர் எங்கள் கூடத்து அலமாரியில் பார்த்திருப்பீர்கள். கடையில் வாங்கிய பொம்மை என்று நினைத்தவர்களும் உண்டு. நிஜ லாரியில் பதினாறு அங்குலம் இருப்பது அண்ணனின் லாரியில் ஓர் அங்குலம். கேபினும் பாடியும் மெல்லிய பலகையில். டீசல் டேங்க் தண்ணீர்க் குழாய்த் துண்டில். டயருக்குப் பழைய ஹவாய் செருப்பு. சக்கரத்து நட்டுகளுக்கு சைக்கிள் கடையில் வாங்கிய குட்டிக் குட்டி இரும்பு உருண்டைகள். அங்கே அவற்றை பால்ஸ் என்பார்கள்.

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காக லாரிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எடைமேடைப் பக்கம் வரிசையாக நிற்கும். அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் பண்டிகை. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக அளப்பார். "ஊரே மலைய சுத்துது, எம்புள்ள லாரிய சுத்துறான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஏதோ ஒரு லாரியைச் செய்வது அண்ணனுக்குப் பிடிக்காது. இன்னாருடைய லாரி என்று இருக்க வேண்டும். அந்த வண்டியின் முகப்பில் எந்தப் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கிறதோ, எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறதோ, அத்தனையும் வர வேண்டும். கீழ்பென்னாத்தூரைச் சேர்ந்த ஓட்டுநர் ஏழுமலை அண்ணனின் பன்னிரண்டு சக்கர லாரியை அண்ணன் செய்தபோது நானும் எடைமேடையில் இருந்தேன்.

"சார், எல்லாம் சூப்பரா கீது. அந்த நசுங்கின எடத்த மட்டும் வுட்டுடு சார். எங்க வூட்ல பாத்தா இதயும் இட்சிட்டியான்னு கேப்பா."

"அது இல்லன்னா அது உன் வண்டி இல்லய்யா. வேற யாரு வண்டியோ."

வண்டி முடிந்ததும் பூசை போடாமல் யாரையும் தொட விடமாட்டார். புது லாரிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? இவர் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தால் வண்டியே கவிழ்ந்துவிடும். அதனால் சுண்டைக்காய். முன்சக்கரம் இரண்டுக்கும் ஒவ்வொன்று. முதல் தடவை சுண்டைக்காய் நசுங்காமல் தெறித்து ஓடி, வத்தக்குழம்புக்கு வைத்திருந்ததை வீணாக்கிவிட்டான் என்று அம்மா திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இதில் என் வேலை ஒன்றே ஒன்று. நிறம் சொல்வது. "பாப்பா, இங்க வா. இது இன்னா கலரு?" என்று டப்பாவை நீட்டுவார். பெயிண்ட் டப்பாக்களின் மேல் காகிதம் ஒட்டி சிவப்பு, கரும்பச்சை, காவி என்று எழுதி வைத்தது நான்தான். கல்லூரியில் படித்தபோது, சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை என்ற கோபத்தில் ஒருமுறை காகிதம் ஒட்டாத புது டப்பாவுக்கு வேண்டுமென்றே நிறத்தை மாற்றிச் சொன்னேன். ஏழுமலை அண்ணனின் சிவப்பு கேபின் பச்சையாகிவிட்டது. அவர் வந்து பார்த்துவிட்டு, "சார், என் வண்டி எப்ப சார் பச்சையாச்சு?" என்று சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அண்ணன் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். "நான்தான் சரியா கேக்கலய்யா" என்றார். அடுத்த வண்டிக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். வேறு யாரிடமாவது ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்கவில்லை.

என் கணவர் ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்து, வாரம் ஒருமுறை வந்து போகிறார். அதனால் நானும் மகளும் அம்மாவுடனும் அண்ணனுடனும் வேங்கிக்கால் வீட்டில் இருந்தோம். மகள் பிறந்ததிலிருந்து நான் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். காய்ச்சல், வண்டி, தண்ணீர், நாய், எல்லாவற்றுக்கும் பயம். அண்ணன் செய்யும் லாரிகளின் சின்னச் சின்னப் பாகங்களைக் கண்டால் இன்னும் பயம்.

மகளுக்கு இரண்டரை வயதானபோது ஒரு நாள் காலை, அண்ணன் சக்கரத்துக்கு ஒட்ட எடுத்து வைத்திருந்த பால்ஸில் ஒன்று குறைந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில், அத்தனை பேர் முன்னால், நான் அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்: "உனக்கு எங்களவிட அந்த லாரிதான ஒஸ்தி?"

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அவள் மென்றது பொட்டுக்கடலை. தொலைந்த பால்ஸ் அன்று இரவே பெயிண்ட் டப்பா மூடிக்குள் கிடைத்தது. ஆனால் மறுநாளே அண்ணன் பலகை, ரம்பம், டப்பாக்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடைமேடை அறைக்குக் கொண்டுபோய்விட்டார். "அங்க எடம் ஜாஸ்தி பாப்பா" என்றார். வழக்கம்போலவே பேசினார், சாப்பிட்டார், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார். ஆனால் அதன்பின் ஒரு நாளும் என்னை நிறம் கேட்கவில்லை. நானும் மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், எடைமேடைக்கே போய்ச் சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே எட்டு மாதம் போய்விட்டது.

ஒரு நண்பகலில் எடைமேடையில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. எடை போட வந்திருந்த ஏழுமலை அண்ணன், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல், நெல் ஏற்றிய லாரியிலேயே அவரைத் தம் பக்கத்தில் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "கியர மாத்துய்யா, ஏத்தம் வருது" என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலை எங்களை விட்டுப் போய்விட்டார். வயது முப்பத்தெட்டு.

காரியம் முடிந்த பிறகு அண்ணனின் பொருள்களை எடுத்து வர எடைமேடை அறைக்குப் போனேன். ஏழுமலை அண்ணன் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே லாரி. அண்ணனின் மற்ற லாரிகளைப் போல இல்லை. கண்ணாடி கண்ணாடியாக இருக்க வேண்டும், நட்டு நட்டாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் அண்ணன், இதில் பக்கக் கண்ணாடிகளைக் கேபினோடு சேர்த்து ஒரே மரத்தில் செதுக்கியிருந்தார். ஒட்டியது ஒன்றுகூட இல்லை. நட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டங்கள். சக்கரங்கள் என் உள்ளங்கை அளவு. எந்த வாய்க்குள்ளும் போகாது. எல்லா முனைகளையும் தேய்த்துத் தேய்த்து மழுக்கியிருந்தார்; கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், கீறவில்லை. மேலே, நிறத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை பிரைமர் மட்டும் அடித்திருந்தது.

"சார் இந்த வண்டிய முடிச்சே ரெண்டு மாசம் ஆச்சும்மா" என்றார் ஏழுமலை அண்ணன். "பெயிண்ட் அடிக்கல. நான் கலர் சொல்றேன் சார், அடிச்சிடுன்னேன். வோணாம்யா, பாப்பா வந்து சொல்லட்டும்னுட்டாரு."

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே?"

"அத நானும் கேட்டேம்மா. அவளா வரட்டும்னாரு."

அவளாக வரட்டும். அது கோபமா, இல்லை, நம்பிக்கையா? எந்தக் குரலில் சொன்னார் என்று ஏழுமலை அண்ணனைத் துருவித் துருவிக் கேட்டேன். "சாதாரணமாத்தான் சொன்னாரும்மா" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வேங்கிக்காலிலிருந்து எடைமேடைக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். இரண்டு மாதத்தில் ஒரு நாள் நான் போயிருந்தால், டப்பாவை நீட்டி "இது இன்னா கலரு?" என்று கேட்டிருப்பார்.

அண்ணனைத் தூக்கி வந்த ஏழுமலை அண்ணனுக்கும், லாரியை வழியில் நிறுத்திவிட்டு இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்த ஓட்டுநர்களுக்கும், இரண்டு நாளும் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்களுக்கும், பதினாறு நாளும் எங்களை அடுப்புப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அம்மாவின் பக்கத்தை விட்டு அகலாத சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் அம்மாவும் நானும் இந்த ஓராண்டைக் கடந்தோம்.

உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். மகளுக்கு இப்போது நான்கு வயது கடந்துவிட்டது. "மாமா லாரிக்கு ஏம்மா சட்ட போடல?" என்று தினமும் கேட்கிறாள். சிவப்புச் சட்டை வேண்டுமாம். அதை மண்ணில் ஓட்ட வேண்டுமாம். குழந்தைக்குச் செய்தது குழந்தையிடம்தான் இருக்க வேண்டும் என்கிறார் என் கணவர். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் கை வெச்சது அப்டியே இருக்கட்டும். மேல பூசினா அவன் கை மறஞ்சிடும்" என்கிறார். உண்மைதான். பிரைமர் காய்வதற்குள் தொட்டிருக்கிறார் போலும். கேபின் மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கெடுதல் செய்யாத பெயிண்ட் எது என்று விசாரித்து வாங்கி வைத்தேன். இரண்டு முறை டப்பாவைத் திறந்து, இரண்டு முறையும் மூடிவிட்டேன். பூசினால் அந்த ரேகை போய்விடும். பூசாமல் பீரோ மேலேயே வைத்தால், அண்ணன் அத்தனை முனைகளையும் தேய்த்தது எதற்காக?

நினைவு நாளன்று லாரியைக் கூடத்து மேசையில் வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு, போகும் முன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பூசிக் கொடுக்கலாமா, அப்படியே விடலாமா என்று உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். என் முகத்துக்காக எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். என் மகள் பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவள் அழுதுவிடுவாள்.