சின்னம்மா கொண்டுவந்த ரங்கூன் சமையல் புத்தகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் எழுத உட்காருவேன். அம்மாவின் முகம் நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன். அம்மாவும் சின்னம்மாவும் இப்போது ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் இது பேசித் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குத்தான் தீரவில்லை. நான் அதிகம் படித்தவள் அல்ல. எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அங்கிருந்து நடந்தே தப்பி வந்தவர்களில் என் அம்மாவின் தங்கையும் ஒருத்தி. அரியலூர் ஸ்டேஷனுக்கு அப்பா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், ஏலாக்குறிச்சிப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு அழைத்து வந்தார். சின்னம்மா கையில் ஒரு துணிப்பைதான் இருந்தது. அதற்குள் மாற்றுச் சேலை ஒன்று, ஜெபமாலை, ஒரு புத்தகம். சித்தப்பா வரவில்லை. மலைக்காட்டு வழியில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாராம். "நீ கூட்டத்தோட முன்னால போ, நான் பின்னாடியே வந்துடறேன்" என்று அனுப்பிவைத்தாராம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்தப் புத்தகத்தைச் செய்தவரே சித்தப்பாதான். ரங்கூனில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை அவருக்கு. அவர்கள் குடியிருந்த தெருவில் எல்லோரும் பிழைக்க வந்தவர்கள். கீழ்வீட்டில் சீனாக்காரத் தச்சர், மாடியில் வங்காளி குமாஸ்தா, எதிரே குஜராத்தி துணிக்கடைக்காரர், மூலையில் பேண்டு வாசிக்கும் கோவாக்காரர். சின்னம்மா எல்லோருடைய அடுப்படியிலும் போய் நின்று, பாதி சைகையிலும் பாதி பேச்சிலும் கேட்டுக்கொண்டு வருவாள். சித்தப்பா வேலை முடிந்த பிறகு, கழித்துப்போட்ட தாள்களில் அதை ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்து அச்சடித்தார். "தச்சர் மனைவி வைக்கும் கீரைச் சாறு", "குமாஸ்தா வீட்டுக் கடுகு மீன்" என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் சொல்லிக்கொடுத்தவர் இருப்பார். வழியில் மழையில் நனைந்து அட்டை பிய்ந்துபோனது. அந்த இடத்தில், கல்யாணத்தின்போது அம்மா கொடுத்திருந்த ஏலாக்குறிச்சி மாதா படத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள்.

யுத்த காலம். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். இருந்தும் சின்னம்மா சும்மா இருக்கமாட்டாள். பர்மாக்காரர்கள் அரிசிச் சேவையில் மீன்சாறு ஊற்றிச் சாப்பிடுவார்களாம். அவள் கேழ்வரகு மாவைப் பிழிந்து, கருவாட்டுச் சாறு ஊற்றி, வதக்கிய பூண்டைத் தூவிக் கொடுத்தாள். அந்த மணத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னடி, ஜப்பான்காரன் உங்க வூட்டுக்கே வந்துட்டானா? கருவாட்ட என்ன பண்றீங்க?"

"வந்து ஒரு வாய் தின்னு பாருங்க மதினி. அப்புறம் நீங்க ரங்கூனுக்கே கப்பல் ஏறிடுவீங்க" என்றாள் சின்னம்மா.

அத்தை ஒரு வாய்க்கு வந்து ஒரு தட்டு முடித்துவிட்டுப் போனாள். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் தம்பி மறுநாள் கம்பங்களியைத் தள்ளிவிட்டு, "சின்னம்மா செஞ்சாதான் திம்பேன்" என்று அழுதான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இத்தினி நாளும் என்ன மண்ணையாடா தின்னு வளந்த?" என்று கேட்டுவிட்டு, அவன் தள்ளிய களியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு அது கோபமாக மட்டும்தான் தெரிந்தது.

தவக்காலத்துக்கு முந்தின நாள், அப்பா சின்னம்மாவை அரியலூருக்கு அழைத்துப்போனார். பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி அங்கே ஓர் ஆபீஸில் விசாரிக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் கோயில் உபதேசியார் வீடுவீடாகப் பழைய குருத்தோலை கேட்டு வந்தார். போன வருஷம் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்து, அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் பூசையில் நெற்றியில் பூசுவார்கள். எங்கள் ஊரில் கிழிந்த ஜெபப் புத்தகம், மங்கிய சாமி படம் எல்லாவற்றையும் அதே நெருப்பில்தான் சேர்ப்பார்கள். புனிதமானது குப்பைக்குப் போகக் கூடாது என்று அவ்வளவு பயம். அம்மா வாசல் நிலையில் செருகியிருந்த ஓலையை எடுத்தாள். பிறகு உள்ளே போய் மாடத்தில் இருந்த சின்னம்மாவின் புத்தகத்தையும் எடுத்துவந்து, மாதா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் கூடையில் வைத்தாள்.

சின்னம்மா பொழுது சாயத் திரும்பி வந்தாள். தகவல் எதுவும் கிடைக்கவில்லை. காலைக்கூடக் கழுவாமல் மாடத்தருகே போய்க் கையை விட்டுத் தேடினாள்.

"அக்கா, என் புத்தகத்தப் பாத்தியா?"

"உபதேசியார் வந்தாரு. ஓலையோட சேத்துக் குடுத்துட்டேன். தாளுதாளா உதிந்து கெடந்துச்சு. மாதா படம் ஒட்டுனத எலி கடிக்க வுடலாமா? பாவமில்ல?"

"எரிச்சிட்டாங்களா?"

"மத்தியானமே."

அப்பா சத்தம் போட்டார். "அது என்னன்னு தெரிஞ்சுதான் குடுத்தியா நீ?"

"நான் என்ன அடுப்புலயா வச்சேன்? கோயிலுக்குத்தானே குடுத்தேன்!" என்றாள் அம்மா.

"வுடுங்க மாமா. அக்கா நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

மறுநாள் விடியற்காலைப் பூசையில் பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றாள். சாமியார் அவள் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்தார். எல்லோரும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சின்னம்மா நகராமல் நிற்க, உபதேசியார், "போம்மா, பின்னால ஆள் நிக்குது" என்றார்.

மற்றவர்கள் சாம்பல் வெயிலிலும் வேர்வையிலும் அன்றே போய்விட்டது. அவள் முகம் கழுவும்போது கண்ணுக்குக் கீழே மட்டும் தண்ணீரைத் தொட்டுத் துடைத்துக்கொண்டாள். "ஏன் சின்னம்மா நெத்தியக் கழுவல?" என்று கேட்டேன். "இருக்கட்டும்டி" என்றாள். அம்மா அதைப் பார்த்தாள். அதன்பின் சாகும்வரைக்கும் பழைய ஓலையை அம்மா தன் கையால் உபதேசியாரிடம் கொடுத்ததே இல்லை. என்னிடம் கொடுத்தனுப்புவாள். அன்று பக்தியில் செய்தாளா, மனக்கசப்பில் செய்தாளா என்று நானும் கேட்டதில்லை. இரண்டும் சேர்ந்திருக்கலாம். அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்குமோ என்னவோ.

உயிர்ப்புத் திருநாளன்று சின்னம்மா கடுகு மீன் வைத்தாள். ஏரி மீன். ருசி துளியும் மாறவில்லை. அதற்கடுத்து தச்சர் மனைவியின் சாறு, கோவாக்காரர் வீட்டுத் தேங்காய்ப்பால் பலகாரம், எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

"புத்தகமே வேணாம் போல சின்னம்மா! எல்லாத்தையும் மனசுலயே வச்சிருக்கியே!"

"ஆமாண்டி தங்கம். சமைக்கிறதுக்கு அது வேணாம்தான்."

அம்மா அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சிரித்தாள். நானும் சிரித்து, இன்னொரு துண்டு மீன் கேட்டேன். வேறு எதற்கு அது வேண்டும் என்று கேட்கத் தெரியாத வயது. சித்தப்பாவுக்கு ஊரில் ஒரு கல்லறையும் கிடையாது என்பதும், அவர் விரல் பட்டு நின்ற எழுத்துகள் உலகத்திலேயே அந்தத் தாள்களில்தான் மிச்சமிருந்தன என்பதும் எனக்கு உறைக்க, நான் கல்யாணமாகி என் வீட்டுக்காரரையும் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வதானால் தயவுசெய்து உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். என் அம்மாவைப் பொல்லாதவள் ஆக்கிவிடாதீர்கள். உருக்கமாக இருக்கட்டும் என்று சின்னம்மா அழுததாகவும் சேர்க்காதீர்கள். அவள் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை.