மிதவை இன்னும் அசைகிறது

அழைப்பு வந்தபோது கல்லடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பேசியது றிஸ்வானாவின் அண்ணன்.

"தம்பி, றிஸ்வானா மௌத்தாகிட்டா. நெஞ்சு நோவு. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

பஸ் வந்தது. வாவி தெரியாத பக்கமாக உட்கார்ந்தேன்.

ஏறாவூர் றிஸ்வானாவை உங்களில் பலர் அறிவீர்கள். வாவிக்கரையில் நிற்கும் நீண்ட விளக்குச் சிற்பத்தின் வளைவுகளை வரைந்தவன் நான். அதை அசைய வைத்தவர் அவர். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எவ்வளவு மெதுவாக மங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் எழுதிய நிரல். "எரியிறது பெரிய வேலையில்ல. எப்படி அணையுது எண்டுதான் பாக்கணும்" என்பார்.

தண்ணீரில் ஒரு வலை மிதவையைக் கட்டினார். அதன் ஏற்ற இறக்கம் கம்பி வழியாக விளக்குகளுக்குப் போகும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் நீர் ஏறும், ஒளியின் ஓட்டம் மந்தமாகும். மணலை வெட்டிவிட்டால் நீர் இறங்கும். ஒளி கடல் பக்கம் ஓடும்.

மழை வந்தது. நீர் ஏறியது. ஒளி ஏறக்குறைய நின்றே போனது. பழுகாமத்திலிருந்து வயல்காரர்கள் வந்து பார்த்தார்கள்.

"லைட்டே நிண்டிட்டு. வயல் வட்டை முழுக்கத் தண்ணி. இன்னும் என்னத்தப் பாக்கிறீங்க? முகத்துவார வாயை வெட்டுங்க."

கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சிரித்தார். "லைட்டும் உங்கட ஆள்தானோ? இப்ப வெட்டினா றால் எல்லாம் கடலுக்குப் போயிரும்."

"அப்ப உன்ட றாலைக் கூட்டிவந்து என்ட வயலை அறு."

றிஸ்வானா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா, நம்மட சிற்பத்தை ஆக்கள் வாசிக்கிறாங்க."

அந்தச் சிரிப்புதான் கடைசி. சண்டை, சிற்பத்தை நிறுவிய அலுவலகம்வரை போனது. அதிகாரிகள் மிதவையின் கம்பியை வெட்டச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக, ஏழு நிறங்கள் துரத்தி ஓடும் கலியாண மண்டப வெளிச்சம் வந்தது.

"தண்ணிய மறைக்கேலாதுதானே சேர்?" என்று றிஸ்வானா அதிகாரியிடம் கேட்டார்.

"தண்ணிய ஆரு மறைச்ச? லைட்டத்தானே நிப்பாட்டச் சொன்ன, மிஸ்."

பிறகும் போனார். திரும்பத் திரும்பப் போனார். இன்றைய தண்ணீர் வேண்டாம், விளக்கில் நேற்றைய தண்ணீரைக் காட்டலாம் என்றார். பிறகு, போன வருடத்துத் தண்ணீரையாவது என்றார். நான் விட்டுவிடச் சொன்னேன். "கம்பிய இணைச்சாப் போதும். நிரல் சிற்பத்துக்கடியில இருக்கிற பெட்டிக்குள்ளதான் கிடக்கு" என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் கரையில் இறங்கினேன். நிறங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காவலாளியிடம் பழைய பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "அது எப்பவோ கழட்டி எறிஞ்சாச்சி" என்றார்.

இணைக்க இனி ஒன்றுமில்லை.

மிதவையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அறுந்த கம்பியுடன் மேலே ஏறியிருந்தது. இந்த மழைக்கும் வாயை வெட்டுவார்கள். அது இறங்கும். எந்த விளக்குக்கும் தெரியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: இப்போது பஸ்ஸில் வாவிப் பக்கமாக உட்காருகிறேன். விளக்குகளைப் பார்ப்பதில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன்.