அப்பாவின் வீட்டுக் கடனில் என் பெயர்

எங்கள் வீட்டுக் கடன் முடிய இன்னும் ஆறு வருஷம்தான் இருந்தது. அதை முப்பது வருஷத்துக்கு இழுத்துவிடப் பார்த்தவள் நான். பிஸினஸ் டிகிரி வாங்கியவள் வேறு. எழுதும்போதே காது சுடுகிறது. இருந்தாலும் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

வீடு ஈப்போவிலிருந்து, மனநல ஆஸ்பத்திரிக்குப் பேர்போன தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில், மாடியில்லாத வரிசை வீடு. அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டம் சுங்காய் பக்கம் இருந்தது. அதை முதலாளி விற்று, மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது வேலையாட்களுக்குக் கிடைத்த கொஞ்சம் காசை முன்பணமாகக் கட்டி வாங்கினார். இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு, ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. தவணை மாதம் ஐந்நூற்று அறுபது ரிங்கிட். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

என் ஆபீஸ் தோழி ஒருத்தி தன் அப்பா வீட்டை ரீபைனான்ஸ் செய்து கார் எடுத்திருந்தாள். பழைய கடனை அடைத்துவிட்டு அதே வீட்டின் மேல் பெரிய கடனாக வாங்குவது, மிச்சம் கைக்கு வரும். எனக்கும் கார் வேண்டும். ஆனால் வீட்டில் கார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்றேன். பொய்யில்லை, ஒரு வாளி வைத்தால் போதும் என்கிற அளவுக்கு ஒழுகியது.

லேப்டாப்பைத் திறந்து கணக்குக் காட்டினேன்.

"பாருங்கப்பா. இப்ப ஐந்நூத்தி அறுவது கட்டுறோம். மாத்துனா நானூத்தி முப்பதுதான். கையில அம்பதாயிரம் வரும். சும்மா கெடக்குற வீடுலா, யூஸ் பண்ணிக்கலாம்."

"எங்க சும்மா கெடக்கு? நாமதான உள்ள கெடக்குறோம்," என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எப்ப முடியும் பாப்பா?"

"அத பேங்க்ல சொல்லுவாங்கப்பா. மாசம் எவ்ளோங்கிறதுதான் முக்கியம்."

எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு என்கிற இரண்டு கட்டங்களை எக்செல்லில் நானே மறைத்து வைத்திருந்தேன். ஒரு சொடுக்கு வேலை.

"நீ படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா.

லீவு போட்டுவிட்டு நானும் அப்பாவும் அவர் மோட்டார் சைக்கிளில் வங்கிக்குப் போனோம். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே குனிந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். தோட்டத்தில் ஆபீசுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்களாம். தோட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மாதாமாதம் இப்படித்தான் வந்து பணம் கட்டியிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஐயோ அப்பா, போட்டுக்குங்க. எல்லாரும் பாக்குறாங்க. மானம் போகுது."

"தரைய எப்பிடி தொடச்சி வச்சிருக்கான் பாரு. பரவால்ல, வா."

நான் மூன்று அடி முன்னால் நடந்தேன், வேறு யாரோ மாதிரி.

கடன் பிரிவில் என் வயதுள்ள ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். அப்பாவைப் பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். பாக்சிக் வயதுக்குப் பன்னிரண்டு வருஷம்தான் கொடுக்க முடியும், முப்பது வருஷம் வேண்டுமென்றால் மகள் பெயரும் சேரவேண்டும் என்றாள். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகவே மலாய் புரியும்.

"முப்பது வருஷமா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் சொல்றேன்பா," என்று சொல்லிக்கொண்டே, என் கடன் விவரங்களைப் பார்க்க அனுமதிக்கும் தாளில் வேகமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கல்விக் கடனுக்கு மூன்று வருஷமாக ஒரு தவணைகூடக் கட்டவில்லையே என்று கேட்டாள்.

இதைச் சொல்லியாக வேண்டும். நான் படிப்பை முடித்ததிலிருந்து ஒவ்வொரு சம்பள நாளும் அப்பா மூன்று ஐம்பது ரிங்கிட் நோட்டை என் கையில் வைத்து, "காலேஜு கடனுக்கு" என்பார். அது என் போன் தவணைக்குப் போனது. பபுள் டீக்குப் போனது. லூமுட்டில் பெர்ரி ஏறிக் கூட்டாளிகளோடு பங்கோர் தீவில் இரண்டு நாள் ஆட்டம் போடவும் போனது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "சாலா சாயா," என்றார். என் தப்பு என்று. பிள்ளை மாதாமாதம் கேட்கும், நான்தான் கொடுக்க மறந்துவிடுவேன் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். ஒரு தவணை தவறாத மனுஷன், தான் பணம் கட்டும் அதே வங்கியில் உட்கார்ந்து சொன்னார். அவள் அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதைக் கட்டி ஒழுங்காக்கிவிட்டு ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

பக்கத்து டீக்கடையில் அப்பா தே தாரேக் வாங்கிக் கொடுத்தார்.

"முப்பது வருஷம்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்பா."

"கூரைக்கா கேட்ட?"

"காருக்கு."

கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டார். "முடியறப்ப எனக்கு எம்பத்தெட்டு. தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரில கட்டில்ல உக்காந்துதான் கட்டணும்லா." அவரே சிரித்தார். என்னால் முடியவில்லை. அந்த நூற்றைம்பது என்ன ஆனது என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கடனை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தகரம் வாங்கிவந்து அப்பாவே கூரையில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அரை நாளில் முடிந்துவிட்டது.

அடுத்த சம்பள நாளும் மூன்று நோட்டு என் முன்னால் வந்தது.

"வேணாம்பா. என் சம்பளத்துலயே கட்டிக்கிறேன்."

நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி போலாம். நானும் வாரேன்."

அதே கண்ணாடிக் கதவு. குனிவார் என்று நின்றேன். அவர் குனியவில்லை.

"கழட்டலியாப்பா?"

"நீதான அன்னிக்கு மானம் போகுதுன்ன," என்றார். குரலில் கோபமே இல்லை. செருப்போடு உள்ளே போனார். அந்தப் பளபளக்கிற தரையில் அழுக்குப் படக்கூடாது என்று ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தார்.

கல்விக் கடனின் முதல் தவணையைக் கட்டினேன். ரசீதை அவர் கேட்கவில்லை, நானே நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப முடியும் பாப்பா?"

"பதினோரு வருஷம்பா," என்றேன்.