கொசு அத்தையின் ரத்தம்

என் அத்தைக்கு மருத்துவமனையில் வைத்த பெயர் கொசு. ரத்தம் எடுக்கும் பிரிவில் அவளுக்குத்தான் மூத்த நாற்காலி. "கொசு இலவசமா எடுக்கும், நான் சம்பளம் வாங்கிட்டு எடுக்கறேன்" என்று சிரிப்பாள். ஆனால் ரத்தம் பிடிக்கும் குழாயில் பெயர் தப்பாக ஒட்டிய ஜூனியர் அன்று தொலைந்தாள்.

அவளுடைய தம்பிதான் என் அப்பா, பஸ் டிரைவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பிழைக்க வேண்டுமானால் இன்னொருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும். பொருந்தியது அத்தையுடையது மட்டுமே. அவளுக்கு அறுபது தாண்டியிருந்ததால் டாக்டர் தயங்கினார்.

"சின்ன வயசுல ஆயிரக்கணக்கான தாய் செல்கள் பங்கு போட்டு ரத்தம் செய்யும்மா. வயசாக ஆக, ஒண்ணு ரெண்டு செல்லோட வாரிசுங்களே இடத்தைப் பிடிச்சுக்கலாம். அப்படியிருந்தா தம்பிக்குக் குடுக்க யோசிக்கணும். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"எல்லாரும் வேலை செய்யறாங்களா, ஒருத்தனே கடையைப் பிடிச்சிட்டானான்னு பாக்கணும். அவ்வளவுதானே?" என்றாள் அத்தை.

ரத்தம் எடுக்க வந்த புதுப் பெண் ஊசி பிடித்த விதம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கித் தன் கையில் தானே குத்திக்கொண்டு, குழாயில் பெயர் எழுதி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒருத்தனே பிடிச்சிருந்தா என்னடி பண்றது?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ரத்தம் லேபுக்கே வரலையாம். உங்க தம்பியோடது வந்திருக்கு. ரொம்ப நல்லா இருக்கு, கெட்ட செல்லே இல்ல!"

அப்பா துள்ளி எழுந்தார். "அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"

"உக்காருங்க சார். அது ஒரு பொம்பளையோட ரத்தம்னும் லேப்ல சொல்றாங்க."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் தினமும் தம்பிக்கு ரத்தம் எடுத்து, அவர் பெயரையே எழுதிய கை, இந்த முறையும் அதையே எழுதியிருக்கிறது.

"ஐயோ, அது என்னோடதுடா!"

"இதை ஒரு ஜூனியர் செஞ்சிருந்தா தோலை உரிச்சிருப்பியேக்கா!" என்றார் அப்பா.

டாக்டர் திட்டிவிட்டு, புதுப் பெண்ணையே மறுபடி எடுக்கச் சொன்னார். அத்தை சமர்த்தாகக் கையை நீட்டினாள். அதிலும் அதே முடிவுதான்: யாரும் கடையைப் பிடிக்கவில்லை. வராந்தாவில் அத்தை ஆடியே விட்டாள். நான் மிகைப்படுத்தவில்லை.

அத்தையின் செல்கள் அப்பாவுக்குள் போயின. சில வாரங்கள் கழித்து, அவை அங்கே புது ரத்தம் செய்யத் தொடங்கிவிட்டன என்றார் டாக்டர். அத்தை தலையாட்டினாளே தவிர, முழுசாக நம்பவில்லை. காரணம் இருந்தது. எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கும் அப்பா, செல்களை ஏற்றியதிலிருந்து யார் என்ன சொன்னாலும் சரி சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

அன்று மாலை அத்தை சூப் கொண்டுவந்தாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல. மனுஷன் குடிப்பானா இதை? உனக்குச் சமையல் என்னைக்குக்கா வந்திருக்கு?"

அத்தைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டான்டி. என் தம்பி வந்துட்டான்."