ஓடையில் கட்டிய மட்டிகள்

மனித எலும்பு முறியும் சத்தத்தை நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். பெரும்பாறை என்கிற மலைக்கிராமத்துக்குக் கீழே ஓர் ஓடைக்கரையில், ஒரு குழம்புச் சட்டிக்காக, மேடத்தின் வலது கை முறிந்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. அது யார் மேல் என்பதுதான் அவ்வப்போது மாறுகிறது.

மேடம் தூத்துக்குடிக்காரர். கடலோரத்தில் ஆலைக் கழிவு கலந்த தண்ணீரைச் சிப்பிகளை வைத்தே சோதித்தவர். சிப்பி ஓயாமல் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். தண்ணீரில் ஈயம் இருந்தால் அதைச் சதையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு குடம் தண்ணீர் மறைத்துவிடுவதை ஒரு சிப்பி காட்டிக்கொடுத்துவிடும் என்பார். கொடைக்கானலுக்கு வந்தபிறகும் அதே வேலைதான், கடலுக்குப் பதில் ஓடை. நான் அவருடைய உதவியாளன், ஜீப் ஓட்டுவதும் நான்தான். மலைச்சரிவில் ஒருவன் கொட்டகை போட்டு, பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான். ஆயக்குடிப் பக்கத்துக் கண்மாயிலிருந்து மட்டி என்கிற நன்னீர்ச் சிப்பிகளைக் கொண்டுவந்து, வலைப்பைகளில் போட்டு, கொட்டகைக்குக் கீழே தண்ணீருக்குள் கட்டினோம். முதலாளிக்குத் தெரிந்தால் அறுத்தெறிந்துவிடுவான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அங்கே வேலை செய்தவர்களிடமும் சொல்லவில்லை. அந்த ரகசியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மூன்று மாதம் கழித்து மட்டிகளை எடுக்கப் போன அன்று பைகள் கத்தியால் கிழிபட்டுக் கிடந்தன. முதலாளி முந்திக்கொண்டான் என்று பொருமியபடி மேடத்தோடு மேலே ஏறினேன். கொட்டகை வாசலில் மூன்று கல் அடுப்பில் சட்டி கொதித்தது. பக்கத்தில் மட்டி ஓடுகள் குவிந்திருந்தன. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தட்டோடு உட்கார்ந்திருக்க, அங்கே வேலை செய்த அவள் புருஷன் அகப்பையை எடுத்தான்.

மேடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று "சாப்பிடாதீங்க" என்று கத்தினார்.

அவன் சிரித்தான். "ஓடையில கெடந்ததுதானங்க. ஒங்க பேரா எழுதியிருக்கு?"

மேடம் சட்டியை எட்டி உதைத்தார். கொதிக்கிற குழம்பு அவன் முழங்காலிலிருந்து பாதம்வரை கொட்டியது. தோல் வழன்று உள்சதை தெரிந்தது. அலறிக்கொண்டே பேட்டரி உடைக்கும் இரும்புத் தடியை எடுத்தான். "பிள்ளத்தாச்சி சோத்தையா ஒதைக்கிற?" முதல் அடியை மேடம் கையால் தடுத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். இரண்டாவது அடி தோளில் இறங்கியது. நான் பாய்ந்து அவன் கழுத்தை நெரித்தேன். கொல்ல நினைத்துத்தான் நெரித்தேன். கொட்டகையில் வேலை செய்த மற்றவர்கள் என்னைக் கீழே தள்ளி நெஞ்சிலும் முகத்திலும் மிதித்தார்கள். "அது விஷம், விஷம்" என்று மேடம் மண்ணில் கிடந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். "ஏலே, விடுங்கலே. அந்தம்மா என்னமோ சொல்லுது" என்று அந்தப் பெண் கத்தியபிறகுதான் கால்கள் நின்றன.

அடித்தவனையும் அடிபட்டவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினேன். போலீசில் சொல்ல வேண்டாம் என்று மேடம் தடுத்துவிட்டார். சாயங்காலம் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே வந்து நின்றாள். பேட்டரி ஈயம் ஓடையில் கலந்து, மூன்று மாதமாக அதில் கிடந்த மட்டிக்குள் ஏறியிருக்கும், தின்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், கொதிக்க வைத்தாலும் போகாது என்று மேடம் பொறுமையாக விளக்கினார். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மட்டி ரெண்டு மூணு மாசந்தானங்க அந்தத் தண்ணியில கெடந்துச்சு. நாங்க ரெண்டு வருசமா அதத்தான் குடிக்கிறோம்."

மேடம் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் எடுக்கச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டார்.

அந்த ரத்தத்தில் ஈயம் இருந்தது. அதைக் காட்டித்தான் கொட்டகையை மூட வைத்தோம். மேடம் இப்போது ஊரோடு போய்விட்டார். எழுதுவது இடது கையில்தான். ஓடை தெளிவாக ஓடுகிறது. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், போனால் டீ போட்டுத் தருவாள். அவள் பிள்ளை இப்படி ஆனது ஈயத்தால்தானா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அன்று வயிற்றில் இருந்த மகனுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்துவிட்டது. இன்னும் அம்மா என்று கூப்பிட வரவில்லை.