போடாத வாய்க்கரிசி

அந்தச் சதைத் துணுக்கை நான் என் கண்ணாலேயே திரையில் பார்த்தேன். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால்களை உயர்த்திப் படுத்திருந்தேன். மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் விட்டிருந்தார்கள். அதன் நுனியில் வெளிச்சமும் கமராவும். உள்ளே போன உப்புத்தண்ணீர் மாதவிடாய் வலிபோல இழுத்துப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சிவந்த சுவரில் திராட்சைப்பழம் போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் அம்மா, இதாலதான் இவ்வளவு ரத்தம்," என்றார் சிங்கள டொக்டர், தனக்குத் தெரிந்த தமிழில்.

அதே குழாய் வழியாகச் சின்னக் கத்தரி ஒன்று வந்து அதை நறுக்கி எடுத்தது. வயிற்றில் கீறல் இல்லை, தையல் இல்லை. பின்னேரம் நானே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இதே சோதனையைச் செய்யும்படி முன்பே ஒரு டொக்டர் சொல்லியிருந்தார். பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருக்கும் என் கணவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "குடும்பப் பொம்பளைக்கு உள்ளுக்கு கமரா விட்டுப் பாக்குறதா? பொறகு கர்ப்பப்பையையே எடுக்கணும்னுவாங்க. பேசாம இரு."

துணியை வெளிச்சத்தில் விரித்து இழை இழையாகப் பார்த்து வாங்குகிற மனிதர் அவர்.

மாதத்தில் பாதி நாள் இரத்தம். நோய் தீர அம்மனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னவர்களும் வீட்டார்தான். அதைச் செலுத்தப் புறப்பட்டால், தீட்டு என்று தடுத்தவர்களும் அவர்கள்தான்.

இந்த நிலையில் புசல்லாவையில் அம்மா செத்துப்போனாள். கிடைத்த பஸ்ஸில் ஓடினேன். பெட்டியை மூடுமுன் பிள்ளைகள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். என் முறை வந்தபோது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, காதருகே குனிந்தாள்.

"நீ வீட்டுக்குத் தூரமாடி?"

அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையிலிருந்த அரிசியைச் சின்னம்மா வாங்கிக்கொண்டாள்.

"தீட்டோட போட்டா அவ ஆத்துமா கரையேறாது. வெளிய போய் உக்காரு."

பக்கத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, பெட்டி போவதைப் பார்த்தேன். என்னைப் பெற்றவள் அவள். அதே இரத்தத்தில் கிடந்துதானே பெற்றாள்?

அதன் பிறகுதான் யாரையும் கேட்காமல் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

வருஷத் திவசத்துக்கு நல்ல உடம்போடு போனேன். "இப்பெல்லாம் கமராவுல லேசாச் செஞ்சிர்றாங்க," என்று என் கணவர் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அம்மாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டிருந்தார்கள். சின்னம்மா சோற்றுக் கரண்டியை என் கையில் திணித்தாள்.

"இப்பதான் சுத்தமாயிட்டியே. மொதச் சோறு நீ போடு, அவ மனசு குளிரும்."

கரண்டியைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தேன்.

"எந்த வாய்க்குப் போடச் சொல்றீங்க, சின்னம்மா?"